டிசம்பரில் அறுகம்பே வேண்டாம்

அலைப் படங்களைப் பார்த்து, சர்ஃபிங் கற்க இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள அறுகம்பேயில் டிசம்பருக்கு அறை போட்டிருக்கிறீர்கள். அதை விட்டு, தெற்குக் கரையிலுள்ள வெலிகமவுக்கு மாறுங்கள். கிறிஸ்துமஸ் வாரத்தில் முதல்முறை சர்ஃபிங் கற்க அதுதான் சரியான இடம்.

நீங்கள் பார்த்த அலைப் படங்கள் அநேகமாக ஜூலை, ஆகஸ்டில் எடுத்தவை. டிசம்பரில் இலங்கையின் கிழக்குக் கரையில் வடகிழக்குப் பருவமழை. கடல் கலங்கிக் கிடக்கும், பல கடைகள் மூடியிருக்கும். அப்போது தெற்குக் கரைக்குத்தான் சீசன். வெலிகமவில் அடியில் மணல். பலகையிலிருந்து சரிந்தால் இடுப்பளவுத் தண்ணீரில் எழுந்து நின்றுவிடலாம். தென்மேற்குக் கரையிலுள்ள ஹிக்கடுவவில் பவளப்பாறை உண்டு, அங்கே பழகிய பிறகு போகலாம்.

சந்தேகம் இருந்தால், அறுகம்பே விடுதிக்கே போன் செய்து அந்த வாரம் புதியவர்களுக்குப் பயிற்சி உண்டா என்று கேளுங்கள்.

ஒன்று மட்டும்: தெற்கில் அது உச்ச சீசன், வாடகை கூடும். வெலிகமவில் அறை உறுதியான பிறகே பழையதை ரத்து செய்யுங்கள்.