கறிமிளகாய் உறைக்குமா? பச்சைமிளகாய்க்குப் பதிலாகத் தினமும் போடலாமா?

இடமாற்றம் கிடைத்துத் திருகோணமலைக்கு வந்திருப்பதாகவும், சந்தையில் வெளிறிய பச்சை நிறத்தில் விற்கும் கறிமிளகாயை உறைப்புச் சாப்பிடாத பிள்ளைகளுக்காகப் பச்சைமிளகாய்க்குப் பதிலாகத் தினமும் போடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகப் போடலாம். ஆனால் "பதிலாக" என்ற எண்ணத்தை மட்டும் விட்டுவிடுங்கள். இரண்டு பச்சைமிளகாய் கீறிப் போடுகிற இடத்தில் இரண்டு கறிமிளகாயைப் போட்டால் கறி சப்பென்று இருக்கும். கத்தரிக்காய், பயற்றங்காய் போல இதுவும் ஒரு மரக்கறி. கால் கிலோ வாங்கித் தனிக் கறியாக வையுங்கள், அப்போதுதான் இதன் அருமை தெரியும்.

எங்கள் வீட்டில் இது அப்பாவுக்காக வந்தது. வயிற்றுப்புண் என்று வைத்தியர் உறைப்பை நிறுத்தச் சொன்னார். அதுவரை மீன்குழம்பும் சம்பலும் இல்லாமல் சோற்றில் கை வைக்காதவர். அவருக்கென்று ஒரு சின்னச் சட்டியில் தனியாகச் சமைத்தோம். எங்கள் குழம்பு வாசம் வந்ததும் கோப்பையைத் தூக்கிக்கொண்டு விறாந்தைக்குப் போய்விடுவார். அம்மாவால் அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. "உறைப்பு வேண்டாம், மிளகாய் வாசமாவது வரட்டும்" என்று அப்பா ஒருநாள் கேட்ட பிறகுதான் அம்மா வைத்தியரிடம் கேட்டுவிட்டுக் கறிமிளகாயில் பால்கறி வைத்தார். அன்றைக்கு எல்லோரும் ஒரே சட்டியில் சாப்பிட்டோம். இன்றுவரை வாரத்தில் மூன்று நாள் எங்கள் வீட்டில் அந்தக் கறிதான்.

இப்போது உறைப்பு விஷயத்துக்கு வருகிறேன். கறிமிளகாய் எப்போதும் சாது என்று நம்பிவிடாதீர்கள். ஒரே கூறில் வாங்கிய பத்துக் காயில் ஒன்று நன்றாக உறைக்கக்கூடும். ஒருமுறை அப்படி ஒரு காய் அப்பாவின் வாயில் அகப்பட்டு, கண்ணெல்லாம் கலங்கி, அன்று இரவு முழுக்க வயிற்றெரிச்சலில் தூங்கவில்லை. அதற்குப் பிறகு சோதிக்காமல் ஒரு காயைக்கூடச் சட்டியில் போடுவதில்லை.

சோதிப்பது சுலபம். காயை நீளவாக்கில் பிளந்து பாருங்கள். காம்புக்குக் கீழே விதைகள் ஒட்டியிருக்கும் வெள்ளைச் சதை, அதிலிருந்து நரம்பு மாதிரி கீழே ஓடும் வெள்ளைக் கோடுகள் தெரியும். மிளகாயை உறைக்க வைக்கிற கப்சைசின் அந்த வெள்ளைச் சதையில்தான் உண்டாகிறது. விதையில் உறைப்பு என்று பலர் சொல்வார்கள். விதை அந்தச் சதையோடு ஒட்டியிருப்பதால் அதன் மேல் கொஞ்சம் படிகிறது, அவ்வளவுதான். அதனால் நுனியைக் கடித்துப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், நுனி பெரும்பாலும் சாதுவாகத்தான் இருக்கும். காம்புப் பக்கம் வெட்டிய இடத்தில் நாக்கு நுனியை வைத்துப் பாருங்கள். சுள்ளென்றால் வெள்ளைச் சதையைக் கரண்டியால் வழித்து எடுத்துவிட்டால் போதும், தோல் பகுதி பிள்ளைகளுக்கு ஒத்துவரும். பிறகு கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

ஒரு காய்க்கும் இன்னொரு காய்க்கும் ஏன் இந்த வித்தியாசம்? செடி தண்ணீரில்லாமல் வாடினால் காயில் உறைப்பு ஏறக்கூடும். விதையின் சாதியும் காரணம். பார்வைக்கு இதே மாதிரி இருக்கும் ஹங்கேரியன் வாக்ஸ் என்ற சாதி நன்றாகவே உறைக்கும். கொச்சிக்காய்ச் செடிக்குப் பக்கத்தில் நட்டதால் காய் உறைத்துவிட்டது என்பது எங்கள் அயலிலும் சொல்கிற கதை. அப்படி ஆவதில்லை. காயின் சதை தாய்ச்செடியுடையது, பக்கத்துச் செடியின் மகரந்தம் அதன் சுவையை மாற்றாது. அந்தக் காயின் விதையை எடுத்து நட்டால், வளரும் செடியில்தான் கலப்புத் தெரியும்.

எவ்வளவு சாது என்பதற்கு ஒரு கணக்கும் இருக்கிறது. வில்பர் ஸ்கோவில் என்ற அமெரிக்க மருந்தாளர் 1912இல், மிளகாய்ச் சாற்றை எவ்வளவு சீனித் தண்ணீர் விட்டுக் கரைத்தால் நாக்குக்கு உறைப்புத் தெரியாமல் போகும் என்று அளந்தார். அந்த அளவில் குடைமிளகாய் 0. கறிமிளகாயைப் போன்ற வெளிநாட்டு வாழை மிளகாய் 500க்குள் நிற்கும். ஊசி போன்ற சின்னக் காந்தாரி வகைகள் 50,000ஐத் தாண்டிவிடும்.

சரி, சமையல். சந்தையில் பளபளப்பான, அழுத்தினால் மெத்தென்று போகாத, காம்பு பச்சையாக இருக்கும் காயாகப் பொறுக்குங்கள். தோல் சுருங்கியது வேண்டாம். கால் கிலோவை விரல் நீளத்துக்குச் சரிவாக வெட்டிக்கொள்ளுங்கள். தாச்சியில் தேங்காயெண்ணெய் விட்டு, தோலில் அங்கங்கே கொப்புளம் எழும்பும்வரை வதக்குங்கள். இந்த ஒன்றைத் தவறவிட்டால் பச்சை வாடை போகாது. வெளிறிய தோல் மெல்லச் சுருங்கி, ஓரம் பழுப்பாகி, அடுப்படி முழுக்க ஒரு இனிப்பு கலந்த மிளகாய் வாசம் வரும். அதுதான் பதம். வேறு சட்டியில் சின்ன வெங்காயம், கருவேப்பிலை, றம்பை, அரைத் தேக்கரண்டி வெந்தயம், மஞ்சள் போட்டுத் தேங்காயின் இரண்டாம் பாலில் கொதிக்க வைத்து, வெங்காயம் வெந்ததும் காயைச் சேர்த்து, ஒரு கொதி வந்தவுடன் முதற்பாலை விட்டு இறக்குங்கள். தேசிப்புளி இறக்கிய பிறகுதான், இல்லாவிட்டால் பால் திரைந்துவிடும். இடியப்பம், புட்டு, சோறு எதோடும் சேரும். மாசிக் கருவாடு போட்டால் இன்னும் நல்லது, அப்பாவுக்காக நாங்கள் போடுவதில்லை.

பிள்ளைகளுக்கு இன்னொன்று. காயை ஒரு பக்கம் கீறி உள்ளே வழித்துவிட்டு, அவித்து உதிர்த்த சூரை மீனும் மசித்த உருளைக்கிழங்கும் கொஞ்சம் மிளகுத்தூளும் கலந்து அடைத்து, நூலால் கட்டிப் பொரியுங்கள். நூலை அவிழ்த்துக் கொடுக்க மறக்க வேண்டாம்.

பச்சையாகவும் சாப்பிடலாம். சிறிதாக அரிந்து வெங்காயத்தோடு தயிரில் போட்டால் பச்சடி. மூதூர், கிண்ணியாப் பக்கத்து எருமைத்தயிர் சட்டியோடு இங்கே கிடைக்கும், அதில் செய்து பாருங்கள். தப்பித்தவறி ஒரு காய் உறைத்து பிள்ளை அழுதாலும் அதே தயிரில் இரண்டு கரண்டி கொடுங்கள். கப்சைசின் தண்ணீரில் கரையாது, தயிரின் கொழுப்பும் புரதமும்தான் அதை நாக்கிலிருந்து எடுத்துவிடும்.

மிஞ்சிய காயைக் கழுவாமல் கடதாசியில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், ஒரு வாரம் தாங்கும்.