தோல் ஏன் எலும்பாவதில்லை?

அன்புள்ள ஐயா,

தோலிலும் தசைநாணிலும் எலும்பிலும் இருப்பது பெரும்பாலும் ஒரே வகைக் கொலாஜன் என்ற இழைப் புரதம் என்று எழுதியிருந்தீர்கள். கால்சியமும் பாஸ்பேட்டும் இரத்தத்தோடு உடலெங்கும் போகின்றன. அப்படியிருக்க எலும்பும் பல்லும் மட்டும் இறுகுவது எப்படி? பல்லின் மேலுறையான எனாமலும் இப்படித்தான் உருவாகிறதா?

தங்கள் வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கேள்வியைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: உடல் முழுவதும் ஏன் இறுகிப்போகவில்லை? இரத்தத்தில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் எலும்புத் தாதுவாகப் படியப் போதுமானவை. படியவிடாமல் தடுக்கும் பொருட்கள் இருப்பதால்தான் நம் தோல் தோலாகவே இருக்கிறது. அவற்றில் முக்கியமானது பைரோபாஸ்பேட் என்ற சிறிய மூலக்கூறு.

எலும்பை உருவாக்கும் செல்கள் தங்கள் மேற்பரப்பில் அல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதியை வைத்திருக்கின்றன. அது பைரோபாஸ்பேட்டை உடைக்கிறது. தடை நீங்குகிறது, உடைந்த துண்டுகளே தாதுவுக்கு வேண்டிய பாஸ்பேட்டாகவும் ஆகிவிடுகின்றன. இந்தச் சிக்கனத்தை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு தீர்வதில்லை. பிறவியிலேயே இந்த நொதி குறைந்த குழந்தைகளுக்கு எலும்பு சரியாக இறுகாது. பால்பற்கள் வேரோடு முன்கூட்டியே விழுந்துவிடும்.

இனி, கொலாஜன் மூலக்கூறுகள் சேர்ந்தமைந்த இழைக்குள் நடப்பது. கொலாஜன் மூலக்கூறு மூன்று புரிகள் முறுக்கியது, ஏறத்தாழ 300 நானோமீட்டர் நீளம். பக்கத்துப் பக்கத்து மூலக்கூறுகள் 67 நானோமீட்டர் தள்ளித் தள்ளி அடுக்கப்பட்டிருக்கின்றன. இதனால் ஒன்றின் முனைக்கும் அதே வரிசையில் அடுத்ததன் தொடக்கத்துக்கும் நடுவே சுமார் 40 நானோமீட்டர் இடைவெளி விழுகிறது. தாது முதலில் குடியேறுவது பெரும்பாலும் அங்கேதான். இன்னும் படிக உருவம் பெறாத கால்சியம் பாஸ்பேட்டாக நுழைந்து, உள்ளே போனபின் சில நானோமீட்டர் தடிமனுள்ள தகடுகளாகப் படிகமாகிறது. இரத்தத்தில் உள்ள ஃபெடுயின் என்ற தடைப் புரதம் அளவில் பெரியது. இழைக்குள் புக முடியாமல் வெளியிலேயே நின்றுவிடுகிறது. ஆகவே வெளியே படிகம் வளராதபோதும் உள்ளே வளரும். ஆய்வகச் சோதனைகளில் இதைக் காட்டியிருக்கிறார்கள்.

ஓர் எலும்பை வினிகரில் பல நாட்கள் ஊறவைத்தால் தாது கரைந்துபோகும். வடிவம் மாறாது, ஆனால் ரப்பர் போல வளையும். எஞ்சி நிற்பது கொலாஜன்தான். மாறாக, எலும்பைச் சுட்டெரித்தால் கொலாஜன் போய்விடும். அப்போதும் வடிவம் நிற்கும், தொட்டால் நொறுங்கும்.

பல்லின் பெரும்பகுதியான டென்டின் ஏறக்குறைய எலும்பின் வழியில்தான் உருவாகிறது. எனாமல் அப்படியல்ல. அதில் கொலாஜன் இல்லை. அமெலோஜெனின் என்ற வேறொரு புரதத்தின் துணையோடு படிகங்கள் வளர்கின்றன. பிறகு அந்தப் புரதமும் அகற்றப்பட்டு, எடையில் சுமார் 96 சதவீதம் தாதுவாகவே நிற்கிறது. அதைச் செய்த செல்கள் பல் முளைக்கும்போதே அழிந்துவிடுகின்றன. முறிந்த எலும்பு கூடுவதுபோல் உடைந்த எனாமல் கூடாததற்குக் காரணம் இதுதான்.