வாசகர் கேள்வி - பதில்: ஜெராக்ஸ் கடையில் தங்கிவிட்ட ஆதார்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. ஆதார் நகல் தேவைப்படும்போதெல்லாம் தெருமுனை ஜெராக்ஸ் கடையின் வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பி அச்சிட்டு வாங்குவது வழக்கம். அண்மையில் அந்தக் கடைக் கணினியில் என்னுடைய ஆதாரோடு ஊரார் பலருடைய ஆதாரும் பான் அட்டையும் வரிசையாக இருப்பதைப் பார்த்துத் திடுக்கிட்டேன். கணினி பற்றி ஒன்றும் அறியாத நான் என்ன செய்ய முடியும்?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அம்மா, கடைக்காரர் தீய எண்ணத்தோடு அவற்றைச் சேர்த்து வைத்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை, வந்தவற்றை அழிக்க அவருக்கு நேரமில்லை, யாரும் கேட்கவும் இல்லை. ஆனால் அந்தக் கணினியை நாளை வேறொருவர் கையாளக்கூடும் என்பதால் உங்கள் கவலை நியாயமானதே. நீங்கள் அனுப்பிய செய்தியை உங்கள் போனில் அழித்துவிட்டாலும், அவருடைய கணினியில் இறங்கிவிட்ட கோப்பு அங்கேயே இருக்கும். ஆகவே அச்சு கைக்கு வந்தவுடன், டவுன்லோட்ஸ் பகுதியிலிருந்தும், அழித்த கோப்புகள் போய்த் தங்கும் ரீசைக்கிள் பின்னிலிருந்தும் அதை உங்கள் கண்ணெதிரே அழித்துவிடச் சொல்லுங்கள். மை சரியாக விழாத நகலையும் கடையில் விட்டுவராதீர்கள். அந்தரங்கம் ஓர் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்திருக்கிறது; அந்த உரிமையை ஜெராக்ஸ் கடையில் கேட்டுப் பெறுவதில் கூச்சம் வேண்டியதில்லை.

இதைவிட நல்ல வழி, முழு எண்ணையும் கொடுக்காமலிருப்பது. ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலேயே, பன்னிரண்டு இலக்கங்களில் கடைசி நான்கு மட்டும் தெரியும்படி மறைக்கப்பட்ட ஆதாரைப் பதிவிறக்கிக்கொள்ளலாம். உங்கள் போனுக்கு வரும் ஓ.டி.பி. ஒன்றே அதற்குப் போதும். வீட்டுப் பிள்ளைகள் யாரையேனும் அருகில் வைத்துக்கொண்டு ஒருமுறை இறக்கி, பத்து நகல் எடுத்து வைத்துக்கொண்டால், அடையாளம் காட்டினால் போதும் என்ற இடங்களில் அதையே கொடுக்கலாம். அந்தக் கோப்பைத் திறக்கும் கடவுச்சொல், பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளும் பிறந்த ஆண்டும்தான் என்பதால், பூட்டிய கோப்புதானே என்று எண்ணி எல்லோருக்கும் அனுப்பிவிடக் கூடாது.

ஆதார் எண் தெரிந்த மாத்திரத்தில் வங்கிக் கணக்கைக் காலி செய்துவிடுவார்கள் என்ற பேச்சு மிகையானது. ஆனால் எண்ணும், வங்கியின் பெயரும், விரல்ரேகையும் ஒருசேரக் கிடைத்தால், வங்கி முகவரின் கைக்கருவியில் ஓ.டி.பி. இல்லாமலே பணம் எடுக்க முடியும். வங்கிக் கிளை இல்லாத ஊர்களில் முதியோர் அலையாமல் பணம் பெறுவதற்கென்று வந்த நல்ல வசதி அது. ஆனால் பத்திரப்பதிவு ஆவணங்களிலிருந்து விரல்ரேகையை நகலெடுத்து அதன் வழியே பணத்தைத் திருடியவர்கள் மீது வட மாநிலங்களில் வழக்குகள் பதிவாகியிருக்கின்றன. இதைத் தடுக்க ஆதார் ஆணையம் தந்திருப்பதுதான் பயோமெட்ரிக் பூட்டு. ஆணையத்தின் செயலியில் அதைப் போட்டுவிட்டால் உங்கள் விரல்ரேகையும் கருவிழியும் எங்கும் செல்லாது, ஓ.டி.பி. வழியான சேவைகள் வழக்கம்போல் நடக்கும். ரேஷன் கடையில் கைவிரல் வைக்கும் நாளிலும், ஓய்வூதியத்துக்காக வாழ்நாள் சான்று கொடுக்கும் நாளிலும் சிறிது நேரத்துக்கு மட்டும் திறந்துகொள்ள மறவாதீர்கள், இல்லையென்றால் வரிசையில் நின்ற பிறகு வெறுங்கையோடு திரும்ப நேரிடும். ஒரே ஒரு வேலைதான் செய்வேன் என்றால், அம்மா, இந்தப் பூட்டைப் போடுங்கள்.

கேள்வி: தையல் மெஷின் வாங்க ஒரு கடன் செயலியில் ஐயாயிரம் ரூபாய் வாங்கினேன். தவணை இரண்டு நாள் தாமதமானதும் என் அண்ணிக்கும் பக்கத்து வீட்டாருக்கும் போன் செய்து அசிங்கமாகப் பேசுகிறார்கள். அவர்களின் எண்கள் எப்படிக் கிடைத்தன? செயலியை நீக்கிவிட்டால் நின்றுவிடுமா?
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: சகோதரி, செயலியை நிறுவும்போது தொடர்பு எண்களைப் பார்க்க அனுமதிக்கிறீர்களா என்று ஒரு கேள்வி வந்திருக்கும், அவசரத்தில் சம்மதம் என்று தொட்டிருப்பீர்கள். அந்தக் கணமே எண்கள் அவர்களிடம் போய்விட்டதால், இப்போது செயலியை நீக்குவது புதிதாக எதையும் எடுக்காமல் தடுக்குமே ஒழிய, எடுத்ததைத் திருப்பித் தராது. உங்கள் மீது குற்றமில்லை. கடன் செயலிகள் தொடர்பு எண்களையும் படங்களையும் அழைப்புப் பட்டியலையும் தொடவே கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-ஆம் ஆண்டிலேயே விதித்துவிட்டது, மீறியவர்கள் அவர்கள்.

செயலியை நீக்குவதற்கு முன் வந்த மிரட்டல்களையும் கடன் விவரத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண் பணமோசடிக்கு மட்டுமே என்று பலர் நினைக்கிறார்கள். இந்த மிரட்டலுக்கும் அதில் வழி கேட்கலாம், மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலும் எழுத்தில் கொடுக்கலாம். பதிவு பெறாத நிறுவனமாக இருந்தால் ரிசர்வ் வங்கியின் சசேத் (Sachet) இணையதளத்திலும் புகார் செய்யலாம். இவற்றுக்கெல்லாம் முன்பாக, உறவினர்களிடம் நீங்களே நடந்ததைச் சொல்லிவிடுங்கள். உங்கள் வெட்கம் ஒன்றை நம்பித்தான் அவர்கள் மிரட்டுகிறார்கள். போனில் செட்டிங்ஸ் பகுதிக்குள் ஒவ்வொரு செயலிக்கும் என்னென்ன அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்ற பட்டியல் இருக்கிறது. டார்ச் லைட் செயலிக்கு உங்கள் தொடர்பு எண்கள் எதற்கு என்று கேட்டுப் பார்த்து, தேவையற்றதை நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 71. கடவுச்சொற்கள் நினைவில் நிற்பதில்லை என்பதால் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அது பெரிய தவறு என்று மகன் கடிந்துகொள்கிறான்.
- ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: ஐயா, இந்த ஒரு விஷயத்தில் நான் உங்கள் பக்கம். இணையத் திருடர் எங்கோ தொலைவில் உட்கார்ந்திருக்கிறார். உங்கள் பீரோவிலுள்ள நோட்டு அவருக்கு எட்டாது. நினைவில் நிற்கவேண்டும் என்பதற்காக எல்லா இடத்திலும் ஒரே கடவுச்சொல்லை வைப்பதுதான் ஆபத்து, ஏனெனில் ஒரு கடையின் தளத்தில் அது கசிந்தால் மின்னஞ்சல் வரை திறந்துவிடும். ஜிமெயிலுக்கு மட்டுமாவது வேறெங்கும் இல்லாத நீளமான சொல்லை வையுங்கள். மறந்துபோன மற்றக் கடவுச்சொற்களை மாற்றும் வழி அதன் மூலமாகத்தான் வருகிறது. ஏ.டி.எம். பின்னையும் யு.பி.ஐ. பின்னையும் அந்த நோட்டில் எழுதாதீர்கள், நோட்டைப் போனில் படம் எடுத்தும் வைக்காதீர்கள். அது எங்கே இருக்கிறது என்பதை உங்கள் வீட்டம்மாவுக்கும் சொல்லி வையுங்கள். நீங்கள் திடீரென மருத்துவமனையில் இருக்க நேர்ந்தால், மின்கட்டணம் கட்டவும் காப்பீட்டுத் தாள்களை எடுக்கவும் அவர்களுக்கு அது வேண்டியிருக்கும்.