அவசர அழைப்பு மையம்: சூப்பர்வைசருக்கு எந்த வயர்லெஸ் ஹெட்செட்?

கேள்வி: ஆம்புலன்ஸ் அழைப்பு மையம் ஒன்றில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருக்கிறேன். 36 இருக்கைகள், ஷிப்டுக்கு 3 சூப்பர்வைசர்கள். ஒரு அழைப்பைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது வேறொருவர் கையைத் தூக்கினால், ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஓட வேண்டியிருக்கிறது. எல்லாருக்கும் ப்ளூடூத் வாங்கிவிடலாம் என்கிறது நிர்வாகம். சரிவருமா?

பதில்: எல்லாருக்கும் வேண்டாம், ப்ளூடூத்தும் வேண்டாம். அழைப்பை எடுப்பவர் பேச்சின் நடுவே எழுந்து போகப்போவதில்லை. அவருக்கு யுஎஸ்பி வயர் ஹெட்செட்டே மேல்: சார்ஜ் இறங்காது, இணைப்பு நழுவாது. நடக்க வேண்டியவர் நீங்கள்தான். உங்கள் 3 மேசைகளுக்கு மட்டும் டெக்ட் (கார்ட்லெஸ் போன்கள் பயன்படுத்தும் ரேடியோ முறை) வகை வயர்லெஸ் வாங்குங்கள்.

ப்ளூடூத் இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸிலேயே வைஃபை, வயர்லெஸ் மவுஸ், ஊழியர்கள் காதில் மாட்டிவரும் இயர்பட் எல்லாம் இருக்கின்றன. டெக்ட்டுக்குத் தனி அலைவரிசை. 1880 முதல் 1900 மெகாஹெர்ட்ஸுக்குள் 10 கேரியர்கள் (அலைவரிசைத் துண்டுகள்), ஒவ்வொன்றிலும் 12 பேச்சுத் தடங்கள், ஆக 120. ஒலி தெளிவாக இருக்கட்டும் என்று வைட்பேண்ட் வைத்தால் ஒருவருக்கு இரண்டு தடங்கள் போகும். 3 செட்டுக்கு இது தாராளம். 36 பேரும் மாட்டிக்கொண்டு, மேல் மாடி அலுவலகத்திலும் டெக்ட் இருந்தால் நெரிசல்தான்.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. அமெரிக்கச் சந்தைக்கான டெக்ட் 6.0 செட்கள் 1920–1930 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்பவை. இந்தியாவில் அது மொபைல் நிறுவனங்களின் 2100 பேண்டுக்குள் வருகிறது. ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறதே என்று எடுத்துவிடாதீர்கள். மாடல் எண்ணுக்கு இடிஏ (வயர்லெஸ் கருவிகளுக்கான அரசு ஒப்புதல்) சான்றிதழ் இருக்கிறதா என்று விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள்.

நிறுவுவதில் தவறு நடக்கும் முதல் இடம் பிளக் பாயின்ட். பேஸின் (ஹெட்செட்டோடு பேசும், அதைச் சார்ஜும் செய்யும் மேசைப் பெட்டி) அடாப்டரைக் கையருகே இருக்கிற சாதாரண சுவர் பிளக்கில் செருகிவிடுவார்கள். கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுப்பதற்குள் பேஸ் அணைந்துவிடும். மீண்டும் எழுந்து ஹெட்செட்டோடு சேரும்வரை உங்களுக்கு எதுவும் கேட்காது. புயல் மழை நாளில், அழைப்புகள் குவியும் நேரத்தில்தான் இது நடக்கும். யுபிஎஸ் லைனில் மட்டுமே செருகுங்கள். பேஸ்களுக்கு இடையே குறைந்தது 60 செ.மீ. இடைவெளி விடுங்கள், ஸ்டீல் பீரோவை ஒட்டியோ மானிட்டருக்குப் பின்னாலோ வைக்காதீர்கள். பிறகு ஒரு சோதனை அழைப்பு போட்டு, எண்களைச் சொல்லிக்கொண்டே அறை முழுக்க, சர்வர் ரூம் வாசல்வரை நடங்கள். எதிர்முனையில் இருப்பவர் விடுபட்ட எண்ணைச் சொன்னால் அந்த இடத்தை அறை வரைபடத்தில் குறியுங்கள். இதை ஷிப்ட் மாறும் நேரத்தில் செய்ய வேண்டும். இரண்டு ஷிப்ட் ஆட்களும் இருக்கும்போது கிடைக்கும் முடிவுதான் நம்பத்தக்கது.

அடுத்தது, நீங்கள் அழைப்பில் சேரும் விதம். மானிட்டர் என்றால் கேட்பது மட்டும். விஸ்பர் என்றால் நீங்கள் பேசுவது ஊழியருக்கு மட்டும் கேட்கும். பார்ஜ் என்றால் அழைத்தவருக்கும் கேட்கும். ஆஸ்டரிஸ்க் என்ற மென்பொருளில் ஓடும் தொலைபேசி எக்ஸ்சேஞ்சாக இருந்தால், அதில் அழைப்பைக் கேட்க உதவும் சான்ஸ்பை (ChanSpy) அமைப்பில் d ஆப்ஷனைப் போட்டால் போதும்: 4, 5, 6 என்ற எண்களை அழுத்தி இந்த மூன்றுக்கும் மாறிக்கொள்ளலாம். தொடக்கம் எப்போதும் மானிட்டராகவே இருக்கட்டும். பார்ஜில் விட்டுவிட்டு மறதியாக நடந்தால், வழியில் பக்கத்து மேசைக்காரரிடம் நீங்கள் சொல்வதெல்லாம் உயிருக்குப் போராடுபவரின் வீட்டாருக்குக் கேட்கும். விஸ்பரில் நாலைந்து சொற்களுக்கு மேல் வேண்டாம்: "மூச்சு இருக்கிறதா கேளுங்கள்" போதும். ஊழியர் காதில் ஏற்கெனவே ஒரு பதற்றமான குரல் ஓடிக்கொண்டிருக்கிறது.

பேட்டரிக் கணக்கை நிர்வாகத்திடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மேசைக்கு 2 ஹெட்செட் வேண்டும்; ஒன்று காதில், ஒன்று சார்ஜில். ஒரு நாளைக்கு 3 ஷிப்ட் என்றால் ஒவ்வொன்றும் தினம் ஒன்றரை முறை இறங்கி ஏறும். 500 சுழற்சி தாங்கும் பேட்டரி 11 மாதத்தில் தளர்ந்துவிடும். எனவே பேட்டரி தனியாக மாற்றக்கூடிய மாடலையே எடுத்து, ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுவதற்கான தொகையையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.

"பட்டனை அழுத்தினால் அழைப்பு வரமாட்டேன் என்கிறது" என்ற புகாரில் பெரும்பாலும் செட்டில் கோளாறு இருக்காது. பல மாடல்களில் ஹெட்செட்டை எந்தப் பேஸில் வைக்கிறோமோ அதோடு அது தானாக இணைந்துகொள்ளும். ஷிப்ட் முடிந்து போகிறவர் அவசரத்தில் பக்கத்து மேசைப் பேஸில் வைத்திருப்பார். பேஸுக்கும் அதன் இரண்டு ஹெட்செட்டுகளுக்கும் ஒரே நிற ஸ்டிக்கர் ஒட்டுங்கள். தானியங்கி இணைப்பை அணைக்க வழி இருந்தால் அணைத்துவிடுங்கள். மேசைத் தொலைபேசியோடு இணைப்பவர்கள், அந்தத் தொலைபேசி மாடலுக்கே உரிய ஹூக் சுவிட்ச் கேபிள்தானா (ஹெட்செட் பட்டனால் அழைப்பை எடுக்கவும் வைக்கவும் உதவுவது) என்றும் பாருங்கள். வேறு மாடலின் கேபிள் என்றால் பிளக் பொருந்திவிடும், பட்டன் மட்டும் வேலை செய்யாது.

கையில் டேப்லெட்டும் வைத்துக்கொள்ளலாம். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் தனி நெட்வொர்க்காகப் போடுங்கள். அதிர்வு எச்சரிக்கை மூன்றுக்கு மட்டும்: குறித்த நொடிகளுக்கு மேல் காத்திருக்கும் அழைப்பு, எடுப்பதற்குள் துண்டிக்கப்பட்ட அழைப்பு, ஊழியர் அழுத்தும் உதவி பட்டன். எல்லாவற்றுக்கும் அதிர்ந்தால் இரண்டே நாளில் அதை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். வண்டி அனுப்பும் உத்தரவை டேப்லெட்டில் திறந்து விடாதீர்கள். நடந்துகொண்டே விரல் பட்டால் வண்டி வேறு இடத்துக்குப் போய்விடும்.

பழைய வயர் ஹெட்செட்டுகளை ஸ்டோருக்கு அனுப்பிவிட வேண்டாம். ஒவ்வொரு சூப்பர்வைசர் மேசையிலும் ஒன்று, யுஎஸ்பியில் செருகியபடியே கொக்கியில் தொங்கட்டும்.