பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை – கடிதம்

ஐயா, வணக்கம்.

பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை வளவைக் கடந்துதான் தினமும் வேலைக்குப் போகிறேன். அங்கே புதுத் தொழிற்பேட்டை வரப்போகிறது என்கிறார்கள். பழைய கட்டடங்களில் ஒன்றிரண்டையாவது இடிக்கவிடாமல், பூசி வெள்ளையடித்து நூதனசாலையாக்கலாம் என்று எங்கள் சனசமூக நிலையத்தில் பேசிக்கொள்கிறோம். எங்கிருந்து தொடங்குவது?

வாசகர் ஒருவர், கிளிநொச்சி

அன்புள்ள தம்பி,

பூச்சிலிருந்து மட்டும் தொடங்க வேண்டாம்.

ஆனையிறவு உப்பைக் கரைத்து, அந்த உப்புநீரில் மின்சாரம் பாய்ச்சி, கோஸ்டிக் சோடா என்ற கடுங்காரத்தையும் குளோரீனையும் பிரித்த இடம் அது. ஒரு தொன் கோஸ்டிக் சோடாவுக்கு ஏறக்குறைய ஒன்றரைத் தொன் உப்பு வேண்டும். கூடவே 880 கிலோ அளவில் குளோரீன் வரும். 1985 இல் போரால் மூடும்வரை தூணும் தரையும் இந்த உப்பைக் குடித்தன. கொங்கிறீட்டுக்குள் இறங்கிய உப்பின் குளோரைட்டு, உள்ளிருக்கும் இரும்புக் கம்பியைக் குழி குழியாகத் தின்னும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பதால் மேல்கொங்கிறீட் வெடித்து உதிரும்.

இதன்மேல் சீமெந்து பூசினால் ஒரு மாரிக்கு அழகாக இருக்கும். பிறகு பூசிய இடத்தின் விளிம்பில், அதுவரை நன்றாயிருந்த கம்பி துருவேறத் தொடங்கும். புதுக் கலவைக்குள் இருக்கும் கம்பியும் உப்பேறிய பழைய கொங்கிறீட்டுக்குள் இருக்கும் கம்பியும் மின்கலத்தின் இரு முனைகள்போல வேலை செய்வதுதான் காரணம். உப்பேறிய கொங்கிறீட்டைக் கம்பிக்குப் பின்னாலும் 20 மில்லிமீற்றராவது வெட்டியெடுத்து, துருவைச் சுரண்டி, கழுவிய மணலும் நன்னீரும் கொண்டே நிரப்ப வேண்டும். உவர்க் கிணற்றுத் தண்ணீரில் குழைத்தால் அத்தனையும் வீண்.

காரம் பட்டால் சிவக்கும் பினோப்தலீன் கரைசலைத் தெளித்து, சிவந்தால் கொங்கிறீட் நல்லது என்று யாராவது சொல்லக்கூடும். அந்தச் சோதனை உப்பைக் காட்டாது. அதிலும் இது காரம் செய்த தொழிற்சாலை. கோஸ்டிக் ஊறிய இடமெல்லாம் எப்படியும் சிவக்கும்! துளையிட்டு, ஒவ்வொரு 10 மில்லிமீற்றர் ஆழத்துக்கும் ஒரு தூள் மாதிரி எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புங்கள். சீமெந்தின் எடையில் குளோரைட்டு 0.4 வீதத்தைத் தாண்டினால் கம்பிக்கு ஆபத்து.

உப்புநீரில் மின்சாரம் பாய்ச்சிய மின்பகுப்புக் கூடத்துக்குள் பிள்ளைகளை இப்போதைக்கு அழைத்துப்போகவே வேண்டாம். அந்தக் காலத்து இத்தகைய ஆலைகளில் பாதரசக் கலமோ கல்நார் (அஸ்பெஸ்டஸ்) திரைக் கலமோதான் இருக்கும். எது என்பதைப் பழைய வரைபடங்களில் பாருங்கள். பாதரசம் நீரைவிட 13 மடங்குக்கு மேல் கனமானது. தரை வெடிப்பு, வடிகால், குழி என்று தாழ்ந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்தத் தரையை உடைத்தால் அதன் நச்சாவி கிளம்பும். பாதரசம் இருக்கிறதா என்று பார்க்கும் மாதிரியை வடிகாலின் கடைசிக் குழியில் எடுங்கள்.

வளவில் மிதிவெடி அகற்றியிருந்தாலும், அது குறிப்பிட்ட ஆழம் வரைக்கும்தான். அத்திவாரம் வெட்டுவதானால் அந்த ஆழத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

1940 ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் தானாகக் காப்பது 1815 மார்ச் 2 க்கு முந்தியவற்றையே. பிந்தியவை வர்த்தமானியில் அறிவிக்கப்பட வேண்டும். அதற்கும் ஆவணம்தான் முதல் தேவை.

ஜெர்மனியின் டூயிஸ்பேர்க்கில் அதே 1985 இல் மூடிய இரும்பாலையை 1994 இல் பூங்காவாகத் திறந்தார்கள். எரிவாயுத் தாங்கியில் நீர் நிரப்பிச் சுழியோடுகிறார்கள். உலையை உலையாகவே நிற்கவிட்டார்கள். பரந்தனிலும் நூதனசாலைக்கு, உப்புப் படாத அலுவலகக் கட்டடமோ களஞ்சியமோ போதும். ஷெல் பட்ட சுவரை மூடிப் பூசாதீர்கள். வெளித்தெரியும் கம்பிக்கு மட்டும் துருத்தடுப்புப் பூச்சுக் கொடுங்கள்.

இவற்றுக்கெல்லாம் காசு சேரக் காலம் எடுக்கும். பழைய இரும்புக்காரர் அதுவரை காத்திருக்கமாட்டார். இந்த மாதமே அனுமதி பெற்று, எஞ்சிய இயந்திரங்களின் பெயர்த் தகடுகளைப் படமெடுத்து இலக்கமிடுங்கள். எந்தக் குழாயில் உப்புநீர் போனது, எதில் குளோரீன் போனது என்று அங்கே வேலை செய்தவர்களிடம் கேட்டு எழுதுங்கள். மூடியபோது 25 வயதாக இருந்தவருக்கே இன்று வயது 65 க்குக் குறையாது.