ஸாவினுலின் பச்சைத் துணி

அன்புள்ள எழுத்தாளருக்கு,

நீங்கள் முன்பு ஒரு கட்டுரையில் போகிறபோக்கில் சொன்னதை வைத்து ஜோ ஸாவினுலைக் கேட்க ஆரம்பித்தேன். சாக்ஸபோன் கலைஞர் கேனன்பால் ஆடர்லியோடு அவர் வாசித்த அறுபதுகளின் பதிவுகள் மிகவும் பிடித்துவிட்டன. ஆனால் அவருடைய வெதர் ரிப்போர்ட் குழுவுக்கு வந்ததும் பியானோ எங்கே போனது என்றே தெரியவில்லை, எங்கு பார்த்தாலும் மின்னணு முறையில் ஒலி எழுப்பும் சிந்தசைசர். அவ்வளவு நல்ல பியானோ கலைஞர் ஏன் பியானோவைக் கைவிட்டார்? ராக் இசைக்குக் கூடிய கூட்டத்தையும் பணத்தையும் பார்த்துத்தான் ஜாஸ்காரர்கள் இப்படி மாறினார்கள் என்கிறார் என் நண்பர். உண்மையா? எங்கே தொடங்கினால் இவர் பிடிபடுவார்?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்,

முதலில் பண விஷயத்தை முடித்துவிடுவோம். உங்கள் நண்பர் சொல்வது சிலருக்குப் பொருந்தும், ஸாவினுலுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. அவருடைய பெரிய ஹிட், ஜாஸையும் ராக்கையும் கலக்கும் ஃப்யூஷன் என்ற பேச்சு வருவதற்கு முன்பே வந்துவிட்டது. ஆடர்லி குழுவுக்காக அவர் 1966-ல் எழுதிய 'மெர்சி, மெர்சி, மெர்சி' அடுத்த ஆண்டு அமெரிக்க பாப் பட்டியலில் 11-ம் இடம் வரை ஏறியது. ஜாஸ் குழு ஒன்றுக்கு அது சாதாரண விஷயமில்லை. (அந்தத் தட்டின் உறையில் சிகாகோ கிளப் ஒன்றில் பதிவானது என்று போட்டிருக்கும். உண்மையில் ஹாலிவுட்டில் ஒரு ஸ்டுடியோவுக்கு ஆட்களை அழைத்து, குடிக்கக் கொடுத்து உட்கார வைத்துப் பதிந்தது. அந்தக் கைதட்டல் மட்டும் நிஜம்.) பணம்தான் குறி என்றால் அதே மாதிரி இன்னும் பத்து எழுதிக்கொண்டு ஆடர்லியோடேயே இருந்திருக்கலாம். 1970-ல் அதை விட்டுவிட்டு, பாட்டு எங்கே ஆரம்பிக்கிறது எங்கே முடிகிறது என்றே தெரியாத ஒரு இசையோடு வெதர் ரிப்போர்ட் என்ற புதுக் குழு தொடங்கினார்.

இன்னொன்றும் கவனியுங்கள். உங்களுக்குப் பிடித்ததாகச் சொல்லும் அந்தக் காலத்திலேயே அவர் மரப் பியானோவிலிருந்து விலகத் தொடங்கிவிட்டார். 'மெர்சி'யில் நீங்கள் கேட்பது வுர்லிட்சர் எலெக்ட்ரிக் பியானோ. அந்தக் கொஞ்சம் கரகரத்த, மணி போன்ற ஒலிதான் அந்தப் பாட்டே. அதைக் கச்சேரி பியானோவில் வாசித்துப் பார்த்தால் மரியாதையான பாட்டாக ஆகிவிடும், அவ்வளவுதான்.

நான் இவரை எப்போதும் ஒரு சம்பவத்தை வைத்துத்தான் புரிந்துகொள்கிறேன். ஸாவினுல் 1932-ல் வியன்னாவில் பிறந்தார், உழைக்கும் வர்க்கக் குடும்பம். இரட்டையராகப் பிறந்தவர், கூடப் பிறந்தவன் நான்கு வயதில் இறந்துபோனான். வீட்டில் பியானோ கிடையாது, சிறுவனுக்குக் கிடைத்தது அக்கார்டியன். பில்லியர்ட்ஸ் மேசையில் விரித்திருக்கும் பச்சைத் துணியில் ஒரு துண்டைக் கிழித்து வந்து, அக்கார்டியனுக்குள் ஒலி வரும் இடத்தில் ஒட்டினான். ஒலி மாறிவிட்டது, மங்கி, கனிந்து, வேறு ஏதோ கருவி போல. கையில் இருக்கும் கருவி தரும் ஒலியோடு திருப்தி அடையாத ஆள் அன்றைக்கே தயார். பின்னால் அவர் ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து வாங்கிய இயந்திரங்கள் எல்லாம் எனக்கு அந்தத் துணித் துண்டின் வாரிசுகளாகவே தெரிகின்றன. அவர் பியானோவைக் கைவிடவில்லை என்று சொல்ல வரவில்லை, கைவிட்டார்தான். ஆனால் பியானோ அவருடைய முதல் காதல் இல்லை. ஒலிதான்.

ஜாஸை அவர் முதலில் கேட்டது போர்க்காலத்தில், மாணவர்களை ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைத்திருந்தபோது, கூடப் படித்தவன் ஒருவன் 'ஹனிசக்கிள் ரோஸ்' வாசிக்க. போர் முடிந்ததும் 'ஸ்டார்மி வெதர்' படத்தை 24 முறை பார்த்ததாக அவரே சொல்லிக்கொள்வார். எண்ணிக்கையை அப்படியே நம்பவேண்டியதில்லை, ஸாவினுல் தன்னைப் பற்றிப் பேசும்போது அடக்கம் என்பதே இருக்காது. 1959-ல் பாஸ்டனின் பெர்க்லீ இசைப்பள்ளிக்கு உதவித்தொகையில் போனார், சில வாரங்களிலேயே மேனார்ட் ஃபெர்குஸன் குழுவில் வேலை கிடைத்து வகுப்பைத் துறந்தார். அப்புறம் பாடகி டைனா வாஷிங்டனுக்குப் பக்கவாத்தியம், 1961 முதல் ஆடர்லி. கறுப்பினக் கலைஞர்கள் நிறைந்த அந்தக் குழுவில் வெள்ளையர் இவர் ஒருவர்தான், அதுவும் இனப்பாகுபாடு சட்டமாகவே இருந்த தென் மாநிலங்களில் பயணம் செய்த காலத்தில்.

டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கேள்வி அங்கேதான் சிக்கலாகிறது. பனிக்காலத்தில் வியன்னா போயிருந்தபோது, சிறுவயதில் ஆடு மேய்த்த நினைவில் ஸாவினுல் எழுதிய மெட்டு 'இன் எ சைலன்ட் வே'. நிறைய கார்டுகள் (chords, சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்கள்) மாறி மாறி வரும்படி எழுதியிருந்தார். 1969 பிப்ரவரியில் ஸ்டுடியோவில் மைல்ஸ் அந்தக் கார்டுகளை எல்லாம் தூக்கிவிட்டு, அடியில் ஒரே சுரத்தை நிற்க வைத்து, மேலே மெட்டை மட்டும் மிதக்க விட்டார். கிதார் வாசித்த ஜான் மெக்லாஃப்லினிடம், வாசிக்கத் தெரியாதவனைப் போல வாசி என்றாராம். கீபோர்டில் ஸாவினுலோடு ஹெர்பி ஹான்காக், சிக் கொரியா. ஸாவினுலுக்கு அந்த மாற்றம் பிடிக்கவே இல்லை, தன் பெயரிலேயே வந்த தட்டில் தான் எழுதியபடி மறுபடி பதிந்தார். என் கருத்தில் மைல்ஸ் செய்ததே சரி. ஆனால் எவ்வளவு முறைத்துக்கொண்டாலும் அந்தப் பாடம் ஸாவினுலுக்குள் போய்விட்டது: கார்டு குறையக் குறைய ஒலிக்கு இடம் கூடுகிறது.

சரி, சிந்தசைசர். அவர் பயன்படுத்திய ஆர்ப் 2600-ல் பியானோ போலப் பத்து விரலையும் வைத்து வாசிக்க முடியாது, ஒரு மெட்டு, ஒரு குரல், அவ்வளவே. நீங்கள் அதைக் குறை என்பீர்கள். அவர் அதைப் பாடகனாக எடுத்துக்கொண்டார், சுரத்தை வளைத்து, இழுத்து, மூச்சு விட்டு வாசித்தார். பியானோவில் கமகம் ஏது? இன்னொரு வேடிக்கை, அந்தக் கருவியில் ஒரு கீபோர்டைத் தலைகீழாக மாற்றிக்கொண்டார், வலப்பக்கம் போகப் போகச் சுருதி இறங்கும். 1976-ல் வந்த 'பிளாக் மார்க்கெட்' மெட்டு அப்படிப் பிறந்ததுதான். ஏன் இந்த வேலை? இருபது முப்பது வருடம் வாசித்த விரல் யோசிக்காமல் பழைய வழியிலேயே ஓடும். கட்டைகளைத் திருப்பி வைத்தால் விரலுக்கு ஊர் தெரியாது, காது மட்டும்தான் துணை. எழுதுகிறவனாக எனக்கு இதில் கொஞ்சம் பொறாமை உண்டு, எனக்கு அப்படித் திருப்பி வைக்க ஒன்றும் இல்லை.

தனியாக உட்கார்ந்து டேப்பை ஓடவிட்டு மனோதர்மமாக வாசிப்பார், பிறகு அதைச் சுரம் சுரமாக எழுதி எடுத்துக் குழுவினரிடம் கொடுப்பார். அதனால்தான் வெதர் ரிப்போர்ட்டில் எது எழுதியது, எது அந்த நேரத்தில் வந்தது என்று பிரிக்கத் திணறுகிறோம். 'பேர்ட்லேண்ட்' (1977, 'ஹெவி வெதர்' தட்டு) தொடக்கத்தைக் கேளுங்கள். அடியில் உறுமும் பேஸ் ஸாவினுலின் சிந்தசைசர். மேலே கீச்சென்று மெட்டு வாசிப்பது ஜாக்கோ பாஸ்டோரியஸின் பேஸ் கிதார். ஆளுக்காள் இடம் மாறிக்கொண்டிருக்கிறார்கள், கேட்பவருக்குத் தெரிவதே இல்லை.

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. 1978-ல் வந்த 'மிஸ்டர் கான்' தட்டுக்கு டவுன்பீட் என்ற ஜாஸ் இதழ் ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்தது. முந்தைய தட்டுக்கு ஐந்து கொடுத்த இதழ். அது அநியாயம்தான், ஆனால் ஒருவரே எல்லாக் குரலையும் பிடித்துக்கொண்ட ஒரு நெருக்கடி அந்தத் தட்டில் கேட்கிறது. வெய்ன் ஷார்ட்டர் போன்ற சாக்ஸபோன் கலைஞரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சில பாடல்களில் அவருக்கு இரண்டு வரி இடம்கூட விடாததை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. எண்பதுகளின் சில ஒலிகளும் பழசாகிவிட்டன. மரப் பியானோ இப்படிப் பழசாவதில்லை, இந்த ஒரு இடத்தில் உங்கள் கட்சிதான் நான்.

1986-ல் குழு கலைந்தது. பிறகு அமைத்த ஸாவினுல் சிண்டிகேட்டில் கேமரூன், ஐவரி கோஸ்ட், அல்ஜீரியா என்று பல நாட்டுக் கலைஞர்கள் வந்தார்கள், மாலி நாட்டுப் பாடகர் சலிஃப் கெய்ட்டாவின் 'ஆமென்' தட்டைத் தயாரித்ததும் இவரே. அந்தக் காலம் பற்றித் தனியாக எழுத வேண்டும், இன்னொரு கடிதம் போடுங்கள்.

எங்கே தொடங்குவது? உங்களுக்கு நான் சொல்வது ஒரே ஒரு மெட்டு. 'இன் எ சைலன்ட் வே'யை முதலில் மைல்ஸ் தட்டில் கேளுங்கள், பிறகு ஸாவினுலின் சொந்தப் பதிவில். ஒரு வாரம் விட்டுவிட்டு, '75' என்ற தட்டில் இருப்பதை. 2007 கோடையில், தோல் புற்றுநோய் முற்றிய உடம்போடு அவர் செய்த கடைசிச் சுற்றுப்பயணத்தில் பதிவானது, ஷார்ட்டரும் அவரும் மட்டும். அந்தச் செப்டம்பர் 11-ல் வியன்னாவில் இறந்தார். இந்த முறை ஷார்ட்டருக்கு நிறைய இடம் விட்டிருக்கிறார்.