பத்துக் குடம் தண்ணீரும் ஒரு நாயும்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நானும் கணவரும் மே மாத இறுதியில் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்து ரீனோ நகரில் வசிக்கும் மகன் வீட்டுக்குச் செல்கிறோம். படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே அமைந்த ஆர்.வி. வண்டி ஒன்றை அவன் வைத்திருக்கிறான். எங்கள் இருவரையும், மருமகளையும், 28 கிலோ எடையுள்ள அவர்களுடைய லாப்ரடார் நாயையும் அதில் ஏற்றிக்கொண்டு, வாக்கர் ஏரிக் கரையில் ஐந்து நாள் தங்கப் போவதாகச் சொல்கிறான். அங்கே மின் இணைப்பும் குழாய்த் தண்ணீரும் கிடையாதாம். அப்படித் தங்குவதற்கு 'பூண்டாக்கிங்' என்று பெயராம். பக்கத்திலேயே ஏரி இருக்கும்போது தண்ணீருக்கு என்ன கவலை என்கிறார் என் கணவர். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. (வாசகி, மந்தைவெளி)

பதில்: முதலில் உங்கள் கணவருக்கு: அந்த ஏரித் தண்ணீரை நீங்களும் குடிக்க முடியாது, நாயும் குடிக்கக் கூடாது.

வாக்கர் ஏரிக்குள் ஆறு வந்து சேர்கிறதே தவிர, ஏரியிலிருந்து தண்ணீர் வெளியேற வழி இல்லை. வந்த நீர் வெயிலில் ஆவியாகிவிடும், அது கொண்டுவந்த உப்பு மட்டும் தங்கிவிடும். 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே மேல்பகுதி விவசாயிகள் ஆற்று நீரைப் பாசனத்துக்குத் திருப்பிக்கொண்டதால், 1882-ஆம் ஆண்டு இருந்த நிலையிலிருந்து ஏரியின் மட்டம் 150 அடிக்கு மேல் இறங்கிவிட்டது. அன்று லிட்டருக்கு 2.5 கிராம் அளவில் இருந்த உப்பு, பின்னாளில் ஒரு கட்டத்தில் 20 கிராமையும் தாண்டியது. ஒரு காலத்தில் அந்த வட்டாரப் பழங்குடியினருக்கு உணவாக இருந்த டிரவுட் மீன்களே அந்த உப்பைத் தாங்க முடியாமல் இல்லாமல் போயின.

லாப்ரடாரோ தண்ணீரைக் கண்டால் நிற்காது. நீந்திப் போய்ப் பந்தைக் கவ்வி வரும் ஒவ்வொரு முறையும் அது இரண்டு மடக்கு விழுங்கும். அந்த மடக்குகள் சேர்ந்தால் உடலில் உப்பு ஏறி, வாந்தியில் தொடங்கி வலிப்பு வரை போகலாம். ஆகவே கரைக்குப் போகுமுன் வயிறாரக் குடிநீர் கொடுத்து, பத்து நிமிடம் விளையாடவிட்டு, வெளியே வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் உடம்பையும் பாதங்களையும் துடைத்துவிடச் சொல்லுங்கள். நீர்ப்பரப்பில் பச்சைப் பெயின்ட் கொட்டியதுபோல் பாசி படர்ந்திருந்தால் அந்தப் பத்து நிமிடமும் வேண்டாம். நீலப்பச்சைப் பாசியின் நஞ்சுக்கு மாற்று மருந்து இல்லை. சில மணி நேரத்திலேயே நாயின் உயிர் போய்விடக்கூடும்.

அடுத்தது குடக் கணக்கு. இத்தகைய வண்டிகளில் நல்ல தண்ணீர்த் தொட்டி 150 லிட்டர் கொள்ளும் என்று வைத்துக்கொண்டால், நம் வீட்டுப் பிளாஸ்டிக் குடத்தில் அது பத்துக் குடம். ஐந்து நாளுக்குப் பங்கிட்டால் நாளுக்கு இரண்டு குடம். அதில் நாய்க்கு மூன்று லிட்டரை ஒதுக்கிவிட்டால், உங்கள் நால்வருக்கும் தலைக்கு ஏழு லிட்டர்கூட மிஞ்சாது. நம் நாட்டு நகரங்களில் ஒருவருக்கு ஒரு நாளுக்கு 135 லிட்டர் என்று திட்டமிடுகிறார்கள். ஆனாலும் 2019-ஆம் ஆண்டு கோடையில் புழலும் செம்பரம்பாக்கமும் வறண்டு கிடந்தபோது, லாரிக்குக் காத்திருந்து குடத்தை எண்ணிச் செலவழித்த சென்னைக் குடும்பத் தலைவிக்கு இந்தக் கணக்கு புதிதாக இருக்காது. உங்கள் மகனைவிட உங்களுக்குத்தான் இது நன்றாக வரும் என்று நினைக்கிறேன். குடிப்பதற்கென்று தனிக் கேன்களில் இன்னும் 60 லிட்டர் ஏற்றிக்கொள்ளுங்கள். குளியலுக்கு ஈரத்துண்டு போதும். சாம்பார்ப் பாத்திரத்தைக் காகிதத்தால் துடைத்த பிறகே கழுவுங்கள், ஏனென்றால் கழுவிய தண்ணீரும் வண்டிக்கு அடியில் உள்ள தொட்டியில்தான் சேரும். தரையில் திறந்துவிடக் கூடாது. இங்கே கழிவுநீர் லாரி நம் வாசலுக்கு வருகிறது, அங்கே வீடே 'டம்ப் ஸ்டேஷன்' என்ற இடத்துக்கு ஓடிப் போய்க் கொட்டிவிட்டு வர வேண்டும்.

மற்றபடி மே மாத இறுதி நல்ல தேர்வு. ஏரி ஏறக்குறைய நம் ஏலகிரியின் உயரத்தில் இருப்பதால், இரவில் ஸ்வெட்டர் தேவைப்படும். ஜூலை என்றால் பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டும், அப்போது நாயோடு போகவே வேண்டாம் என்பேன். காற்று சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பும், ஆகவே வண்டியின் பக்கவாட்டில் விரிக்கும் துணிப் பந்தலை இரவில் சுருட்டிவிடுங்கள். பின்வாங்கிய ஏரியின் பழைய தரை பார்க்கக் கெட்டியாகத் தெரியும், மிதித்தால் இறங்கும். இதேபோன்ற வேறோர் ஏரிக் கரையில் நீரருகே நிறுத்த ஆசைப்பட்டு, பின் சக்கரங்கள் அச்சு வரை புதைந்து, அரை நாள் மண் அள்ளியவன் நான். ஏரிக்குத் தெற்கே ஹாதார்ன் என்ற சிற்றூரில் கடைகளும் பெட்ரோல் பங்கும் உண்டு. அவசர நேரத்தில் எந்தக் கால்நடை மருத்துவமனைக்குப் போவது என்பதை மட்டும் வீட்டிலிருந்தே பேசி முடிவுசெய்து, எண்ணையும் வழியையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் கைப்பேசி வேலை செய்யும் என்று நம்பி அங்கே போகக் கூடாது.

கேள்வி: காசு கட்டாமல் கண்ட இடத்தில் தங்குவது சட்டப்படி சரியா? பூண்டாக்கிங் என்ற பெயரே விசித்திரமாக இருக்கிறதே? (வாசகர், குரோம்பேட்டை)

பதில்: பூண்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. பிலிப்பைன்ஸ் நாட்டின் டகாலோக் மொழியில் 'புந்தோக்' என்றால் மலை. அது அமெரிக்கர் வாயில் ஒதுக்குப்புறம் என்ற பொருளுக்கு மாறியது. நெவாடா மாநில நிலத்தில் ஏறக்குறைய 80 விழுக்காடு கூட்டரசுக்குச் சொந்தம். அதில் பெரும்பகுதியைப் பராமரிக்கும் நில மேலாண்மைத் துறை, பொதுவாக 28 நாளில் 14 நாள் வரை ஓரிடத்தில் தங்க அனுமதிக்கிறது. பழங்குடியினரின் ஒதுக்கீட்டு நிலம் என்றால் அவர்களுடைய அனுமதி வேண்டும். ரீனோவுக்கு வடகிழக்கே உள்ள பிரமிட் ஏரி அப்படிப்பட்டது.

கேள்வி: கூரையில் சோலார் தகடு இருக்கும்போது, நாயை ஏ.சி. போட்ட வண்டிக்குள் விட்டுவிட்டு நாம் மலையேறப் போகலாம் அல்லவா? (வாசகர், அம்பத்தூர்)

பதில்: அம்பத்தூர்க்காரருக்குக் கணக்காகவே சொல்கிறேன். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றில் இருப்பது 1.2 யூனிட் மின்சாரம். கூரை ஏ.சி. ஓடும்போது சுமார் 1,500 வாட் இழுக்கும்; ஆக ஒரு பேட்டரி ஒரு மணி நேரம்கூடத் தாங்காது, நான்கு இருந்தாலும் மூன்று மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். 400 வாட் தகடு ஒரு நல்ல வெயில் நாளில் தருவது இரண்டு யூனிட் அளவில்தான். ஜெனரேட்டர் ஓடட்டும் என்றால், அது இடையில் நின்றுபோனாலும் சொல்ல ஆளில்லை, அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்தாலும் சொல்ல ஆளில்லை. வெளியே 24 டிகிரி இருக்கும் இதமான நாளிலேயே, மூடிய வண்டியின் உட்புறம் அரை மணி நேரத்தில் 40 டிகிரியைத் தாண்டிவிடும். எனவே நாயைத் தனியே விட்டுப் போகாதீர்கள். ஒருவர் கூடவே இருக்கட்டும். நம் ஊர் பி.எல்.டி.சி. மின்விசிறி போல 30 வாட்டில் சுழலும் விசிறியும், வண்டியின் நிழல் பக்கத்தில் ஒரு பாயும் நாய்க்குப் போதும். நடக்க அழைத்துப் போகுமுன் புறங்கையை மணலில் ஏழு நொடி வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதற்கும் சுடும்.

கேள்வி: எங்கள் வெள்ளை ராஜபாளையத்தையும் இங்கிருந்து அழைத்துப்போய் அப்படி ஒரு பயணத்தில் சேர்த்துக்கொள்ள ஆசை. முடியுமா? (வாசகி, பெரம்பூர்)

பதில்: முடியும், ஆனால் விடுமுறைப் பயணத்துக்காக அதைச் செய்யமாட்டேன். வெறிநோய் அபாயம் மிகுந்த நாடுகளின் பட்டியலில் அமெரிக்கா இந்தியாவை வைத்திருக்கிறது. 2024 ஆகஸ்ட் முதல் நாளில் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, நாய்க்கு ஆறு மாதம் நிறைந்திருக்க வேண்டும், உடலில் மைக்ரோசிப் இருக்க வேண்டும், இங்குள்ள அரசுக் கால்நடை மருத்துவர் ஒப்பமிட்ட தடுப்பூசிச் சான்று வேண்டும். லாஸ் ஏஞ்சலஸ் போன்ற சில விமான நிலையங்கள் வழியாக மட்டுமே நுழைய முடியும். அங்குள்ள பராமரிப்பு நிலையத்தில் முன்பதிவும் செய்திருக்க வேண்டும். தடுப்பூசியின் பலனைக் காட்டும் ரத்தப் பரிசோதனை முடிவு கையில் இல்லாவிட்டால், அங்கே 28 நாள் தனிமைப்படுத்தல். உங்கள் விடுமுறையே அதில் கழிந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. வெள்ளை ராஜபாளையம் நாய்களில் பிறவியிலேயே காது கேளாதவை கணிசமாக இருக்கின்றன. வீட்டுக்குள் வளரும்வரை அது பெரிதாகத் தெரியாது. கூப்பிட்டால் திரும்பாத நாய், வாலை ஆட்டி ஓசையெழுப்பி எச்சரிக்கும் விரியன் வகைப் பாம்பும், அந்திப்பொழுதில் கூட்டமாக வரும் கயோட்டி என்ற நரி போன்ற விலங்குகளும் உலவும் வெட்டவெளியில் அவிழ்த்துவிடப்பட்டால், அந்த எச்சரிக்கையும் அதற்குக் கேட்காது, உங்கள் குரலும் கேட்காது. இளஞ்சிவப்பு மூக்கு வேறு வெயிலில் வெந்துபோகும். குளிர்காலத்தில் ஒரு விடியற்காலை, கயிற்றை விடாமல் அதைப் பெசன்ட் நகர்க் கடற்கரைக்கு அழைத்துப் போய்ப் பாருங்கள். முதலில் முதுகுக்குப் பின்னால் நின்று கைதட்டி, காது கேட்கிறதா என்று சோதித்துவிட்டு.